பந்தல் கழற்றிய பிறகுதான் வியாபாரம் தொடங்குகிறது

சென்ற வாரம் ளுஹர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது ஒரு தம்பி காத்திருந்தார். கிளிநொச்சியில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். சரக்கெடுக்க வவுனியாவுக்கு வந்தால் என்னிடம் ஒரு பிளேன்ரீ குடிக்காமல் போகமாட்டார். "நானா, எங்கட பக்கம் கண்காட்சி ஒண்டு போடப் போறாங்களாம். ஸ்டோல் எடுக்கச் சொல்லிக் கேக்கிறாங்கள். எடுக்கலாமா, இல்லாட்டிக் காசு வீணா?" என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. இதே கேள்விக்கு ஒரு தடவை "எடு" என்று எனக்கு நானே சொல்லி நட்டப்பட்டிருக்கிறேன். இன்னொரு தடவை, எதிர்பாராத இடத்திலிருந்து நல்ல பலனும் கண்டிருக்கிறேன். அந்தத் தம்பிக்குச் சொன்னதையே இந்த வாரப் பாடமாக இங்கே எழுதுகிறேன். வன்னியில் கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பயன்படலாம்.

சந்தை இரண்டு வகை

கண்காட்சி, வர்த்தகச் சந்தை, மாநாடு, செயலமர்வு என்று பல பெயர்களில் நடப்பவை எல்லாம் சேர்ந்து இன்று உலகத்தில் ஒரு தனித் தொழிலாகிவிட்டன. மண்டபம், பந்தல், மின்சாரம், சாப்பாடு, தங்குமிடம், வாகனம் என்று இதில் பிழைப்பவர்கள் ஏராளம். நமது நாட்டில் 1973இல் கொழும்பில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம் திறக்கப்பட்டது. 1976இல் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு அங்கேதான் நடந்தது. இன்று மாநாடுகளையும் கண்காட்சிகளையும் நாட்டுக்குக் கொண்டுவருவதற்கென்றே அரசாங்கத்தில் ஒரு பணியகம் இருக்கிறது.

ஆனால் நம்மைப் போன்ற சிறு வியாபாரிகள் இரண்டு வகையை மட்டும் பிரித்து அறிந்துகொண்டால் போதும். ஒன்று, சனங்கள் வந்து சாமான் வாங்கிப் போகும் விற்பனைச் சந்தை. மற்றது, வியாபாரி வந்து வியாபாரியைச் சந்திக்கும் சந்தை. முதலாவதில் அன்றைக்குக் காசு கிடைக்கும். இரண்டாவதில் அன்றைக்குக் கிடைப்பது ஒரு விசிட்டிங் காட்டும், பேச்சும், சில வேளை ஒரு ஓடரும்தான். பெரும்பாலான கண்காட்சிகளில் இரண்டும் கலந்தே இருக்கும். நாம் எதற்காகப் போகிறோம் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

சண்டைக்குப் பிறகு கூடிய சந்தைகள்

சந்தை என்பது மனிதரைச் சேர்த்து வைக்கும் இடம் என்பது புதிய கதையல்ல. இஸ்லாத்துக்கு முந்திய அரபு நாட்டில் தாயிபுக்கு அருகே உகாழ் சந்தை கூடியது. சண்டை தடைசெய்யப்பட்ட மாதங்களில் அது கூடியதால், மற்ற நாட்களில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்ட கோத்திரத்தார் அங்கே ஆயுதத்தை ஒதுக்கிவிட்டுப் பேரம் பேசினார்கள். இஸ்லாம் வந்த பிறகு, ஹஜ்ஜுடைய காலத்தில் அந்தப் பழைய சந்தைகளில் வியாபாரம் செய்வது பாவமாகுமோ என்று சிலர் தயங்கினார்கள். அதில் குற்றமில்லை என்று தெளிவுபடுத்தி அல்பகரா அத்தியாயத்தின் 198ஆவது வசனம் இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்திருக்கிறார்கள்.

நமது காலத்துக்கு நெருங்கிய உதாரணம் ஜெர்மனியின் ஹனோவர் சந்தை. இரண்டாம் உலக யுத்தத்தில் தோற்று, குண்டு விழுந்து இடிந்து கிடந்த நாடு அது. 1947 ஆகஸ்டில் ஹனோவர் நகருக்குப் பக்கத்தில் லாட்சன் என்ற இடத்தில் பழைய உலோகத் தொழிற்சாலைக் கட்டடங்களுக்குள் ஒரு ஏற்றுமதிச் சந்தை திறந்தார்கள். அந்தப் பகுதி அப்போது பிரித்தானியப் படையின் நிர்வாகத்தில் இருந்தது. சாப்பாடு பங்கீட்டில் கிடைத்த காலம். வந்தவர்களுக்கு மீன் வைத்த பணிஸ் கொடுத்தார்கள். அதனால் அதற்கு மீன்பணிஸ் சந்தை என்றே பட்டப்பெயர் வந்தது. மூன்று வாரத்தில் சுமார் 1,300 நிறுவனங்கள் பொருள் காட்டின. 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தார்கள். 3 கோடி டொலருக்கு மேல் ஏற்றுமதி ஓடர்கள் எழுதப்பட்டன. இன்று அது உலகத்தின் மிகப் பெரிய கைத்தொழிற் சந்தைகளில் ஒன்று. அங்கே வந்தவர்கள் எழுதிக் கொடுத்தது அடுத்த வருடங்களுக்கான ஓடர் என்பதைக் கவனியுங்கள். தொழிற்சாலையில் வேலை தொடங்குவதற்கு அந்தக் கடதாசிதான் காரணமாக இருந்தது.

நம் வடக்குக்கு வருவோம். 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டது. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. அடுத்த 2010 ஜனவரியிலேயே யாழ்ப்பாணத்தில் சர்வதேச வர்த்தகச் சந்தை நடந்தது. யாழ்ப்பாண வர்த்தக தொழிற்துறை மன்றமும் கொழும்பின் கண்காட்சி நிறுவனமொன்றும் சேர்ந்து நடத்தினார்கள். கொரோனாக் காலத் தடங்கலையும் தாண்டி 2025 ஜனவரியில் அது 15ஆவது தடவையாக நடந்தது. கொழும்புக் கம்பனிகளும் இந்தியக் கம்பனிகளும் வந்தன. தெற்கிலிருந்து வந்த வியாபாரிக்கு வடக்கு என்றால் என்னவென்று தெரிந்தது. வடக்கிலுள்ளவனுக்குத் தெற்குச் சந்தையின் தரம் என்னவென்று தெரிந்தது.

அந்தச் சந்தைக்குப் போகும் வீதி வன்னியை ஊடறுத்துத்தான் போகிறது. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் எல்லாவற்றையும் தாண்டித்தான் அந்த லொறிகள் போயின. நமக்கு அதில் என்ன கிடைத்தது என்பதுதான் நான் கேட்கும் கேள்வி.

எனக்குக் கிடைத்த முதல் அடி

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின் வவுனியாவில் ஒரு கண்காட்சி நடந்தது. நானும் ஒரு ஸ்டோல் எடுத்தேன். அலுமினியச் சட்டி, பிளாஸ்ரிக் கதிரை, தேமஸ் போத்தல் என்று அடுக்கினேன். மூன்று நாளில் ஒரு மாத வியாபாரம். அல்ஹம்துலில்லாஹ் என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

அடுத்த மாதம்தான் விஷயம் விளங்கியது. கடையில் ஈ ஓட்டினோம். ஒரு வருடத்துக்குத் தேவையானதைச் சனங்கள் மூன்று நாளில் வாங்கிவிட்டார்கள். நெடுங்கேணிப் பக்கத்து விவசாயி ஒருவர் எனக்குப் பழக்கமானவர். என்னிடம் பாதிக் காசுக்குச் சாமான் எடுத்திருந்தார். மிச்சத்தைக் கேட்டபோது, "நானா, டீவிக்காரன் முதலாம் திகதியே வந்து வாசலிலை நிக்கிறான். உங்களுக்கு அடுத்த மாதம் தாறன்" என்றார். அதே கண்காட்சியில் அவர் தவணை முறையில் டீவி ஒன்று எடுத்திருக்கிறார். அந்த வருடம் அவருக்கு விளைச்சலும் சரியில்லை.

வன்னிச் சனங்களின் கையில் அப்போது வீட்டுத்திட்டக் காசும் வெளிநாட்டு உறவினர் அனுப்பிய காசும் இருந்தன. கண்காட்சிகள் அந்தக் காசைத் தேடித்தான் வந்தன. பிறகு லீசிங்கும் நுண்கடனும் வந்தன. அந்தக் கடன் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்துக் கட்ட முடியாமல்போன, ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை நீக்குவதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது.

ஊருக்குள் காசு கொண்டுவராமல், ஊரிலுள்ள காசை மட்டும் அள்ளிக்கொண்டு போகும் கண்காட்சியில் எத்தனை ஆயிரம் பேர் கூடினாலும் ஊருக்கு நன்மையில்லை. அதில் நானும் ஒரு பங்காளியாக இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

புளியமரத்தடியில் கிடைத்த ஓடர்

அதே கண்காட்சியின் மூன்றாம் நாள். வாசலுக்கு வெளியே புளியமரத்தடியில் ஒரு பெண் உளுத்தம் மாவும் உடைத்த கச்சானும் பக்கட் பண்ணி வைத்துக்கொண்டு இருந்தார். ஸ்டோல் வாடகை கட்ட வசதியில்லை. வெளியே இருக்கவும் விடமாட்டோம் என்று காவலாளி எழுப்பிக்கொண்டிருந்தார். எனது மேசையில் ஒரு மூலை காலியாக இருந்தது. "இஞ்ச வந்து வையுங்கோ தங்கச்சி" என்றேன்.

பேச்சுவாக்கில் ஊரைக் கேட்டேன். முள்ளியவளை என்றார். நான் பக்கத்துத் தண்ணீரூற்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, வாப்பாவின் கடையைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு புத்தளத்துக்குப் போனவர்கள் நாங்கள். எங்கள் கடைப் பெயரைச் சொன்னதும் அந்தப் பெண், "எங்கட அப்பா உங்கட வாப்பான்ர கடையிலதான் மண்வெட்டியும் வாளியும் எடுக்கிறவர். கடனும் கொஞ்சம் இருந்திருக்கும் நானா" என்று சிரித்தார். "கொப்பியையே அங்க விட்டிட்டுத்தானே வந்தனாங்கள்" என்றேன். இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக எந்த மீள்குடியேற்றக் கூட்டத்திலும் நான் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்று பின்னேரம் கொழும்பு புறக்கோட்டையில் இனிப்புப் பண்டம் செய்யும் ஒரு வியாபாரி எனது ஸ்டோலுக்கு வந்தார். பாத்திரம் பார்க்க வந்தவர் கச்சானை எடுத்து வாயில் போட்டார். நல்ல பருப்பு என்றார். 200 கிலோவுக்கு ஓடர் சொன்னார். எனது பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எடையையும் விலையையும் திகதியையும் எழுதி மூவரும் பார்த்துக்கொண்டோம். பந்தலைக் கழற்றும் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன 200 கிலோவில் 60 கிலோ திரும்பி வந்தது. பூஞ்சணம் பிடித்துவிட்டது. எனக்குக் கோபம். அந்தப் பெண் அமைதியாகச் சொன்னார்: "நானா, நீங்க எடையும் விலையும்தான் எழுதித் தந்தனீங்கள். எவ்வளவு காய வேணும் எண்டு எழுதேல்லையே."

அவர் சொன்னது நியாயம். எனக்கே தெரியாத ஒன்றை நான் எப்படி எழுதியிருப்பேன்? நட்டத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். பிறகுதான் விசாரித்து அறிந்தோம். கச்சான் பருப்பில் ஈரப்பதன் 7, 8 சதவீதத்துக்குள் இறங்கும்வரை காயவிட வேண்டும். ஈரம் கூடினால் பூஞ்சணம் பிடிக்கும். அதில் சில வகை அஃப்லாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைப் பாதிக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. வெறும் நிலத்தில் காயப்போடாமல் படங்கில் போட வேண்டும். சுருங்கிய பருப்பையும் நிறம் மாறிய பருப்பையும் பொறுக்கி எறிய வேண்டும். அடுத்த ஓடரில் இவ்வளவையும் எழுதினோம். அந்த மூட்டைகளில் ஒன்றும் திரும்பி வரவில்லை.

அன்று ஒரு பெண்ணாக இருந்தவர் இன்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு செய்கிறார். அவர்களில் யுத்தத்தில் கணவனை இழந்தவர்களும் உண்டு. 2022இல் டீசல் இல்லாமல் லொறிகள் வரிசையில் நின்ற நாட்களில் சரக்கு முள்ளியவளையிலேயே தேங்கியது. கொழும்பு வியாபாரி ஓடரை வெட்டவில்லை. நான் கொஞ்சம் முற்பணம் கொடுத்தேன். அவர்களும் விலை கூடியது என்று வேறு ஆளுக்கு விற்கவில்லை. சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர், முஸ்லிம் ஒருவர். நல்லிணக்கம் என்று நாங்கள் யாரும் கூட்டம் போட்டதில்லை. ஒருவர் கணக்கு மற்றவரிடம் சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

இனி அந்தத் தம்பிக்கு நான் போட்டுக்காட்டிய கணக்கு. இடத்துக்கு இடம் தொகை மாறும், உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் ஸ்டோல் வாடகை 40,000 ரூபா. வான் கூலி 15,000. இரண்டு பையன்மாரின் சம்பளமும் சாப்பாடும் 18,000. பனர், லைட் செலவு 7,000. மொத்தம் 80,000 ரூபா. உங்களுக்கு நூறு ரூபா வியாபாரத்தில் 16 ரூபா நிற்கும் என்றால், போட்ட காசை எடுக்கவே 5 இலட்சம் ரூபாவுக்கு விற்க வேண்டும். டிஸ்கவுண்ட் கொடுத்தால் அதற்கும் மேலே.

உளுத்தம் மா பக்கட் செய்யும் பெண்ணுக்கு ஒரு பக்கட்டில் 60 ரூபா நிற்கிறது என்று வைப்போம். அதே 80,000 ரூபாவை எடுக்க 1,334 பக்கட் விற்க வேண்டும். நடக்கிற காரியமா? ஆனால் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு ஸ்டோல் எடுத்தால் ஒருவருக்கு 10,000 ரூபா. 167 பக்கட் விற்றால் போதும். அதோடு ஒரே ஒரு மொத்த வியாபாரி கிடைத்தாலும் அதற்குப் பிறகு வருவது லாபம்.

நம் ஊர்ப் பொருட்களை வெளியூர் வியாபாரியின் கண்ணில் காட்டுவதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. முல்லைத்தீவுக் கச்சானும் கருவாடும், வவுனியா உளுந்தும், கிளிநொச்சி நெல்லும், பனம் பொருட்களும் கேட்பார் இல்லாத பொருட்களல்ல. கேட்பவரும் வைத்திருப்பவரும் சந்திக்காமல் இருக்கிறார்கள், அதுதான் குறை.

நமது சங்கங்கள் கேட்க வேண்டியவை

கண்காட்சி நடத்த வருபவர்களுக்கு மைதானம், அனுமதி, உள்ளூர் ஆதரவு எல்லாம் வேண்டும். அந்த நேரத்தில்தான் நமது வர்த்தக சங்கங்களின் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது. ஸ்டோல் எல்லாம் விற்று முடிந்த பிறகு போய்க் கேட்டால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். நான் கேட்கச் சொல்வது இவைதான்:

1. உள்ளூர் உற்பத்தியாளருக்குக் கூட்டு ஸ்டோல் சில ஒதுக்க வேண்டும். அது வாசலுக்குக் கிட்ட இருக்க வேண்டும். மலசலகூடத்துக்குப் பக்கத்து மூலை வேண்டாம்.

2. முதல் நாள் காலையை வியாபாரிகளுக்கென்று ஒதுக்க வேண்டும். சனக்கூட்டம் வந்த பிறகு மொத்த வியாபாரி நின்று பேசமாட்டார்.

3. பந்தல், ஜெனரேட்டர், சமையல், ஓட்டோ, காவல் வேலைகளில் முடிந்தவரை உள்ளூர் ஆட்களை எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கொழும்பிலிருந்து ஏற்றி வந்தால் நமக்கு மிஞ்சுவது குப்பை மட்டும்தான்.

4. காலத்தைப் பார்க்க வேண்டும். காலபோக அறுவடை முடிந்து விவசாயியின் கையில் காசு வந்த கையோடு தவணைக் கம்பனிகளைக் கூட்டி வந்து நிறுத்துவது நல்லதல்ல. அறுவடைக்குச் சற்று முன்னர் வைத்தால், பொருள் கைக்கு வரும்போது வாங்குபவர் தயாராக இருப்பார்.

5. தவணையிலும் கடனிலும் விற்பவர்கள் மொத்தமாக எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில் ஸ்டோலில் தொங்கவிட வேண்டும். மாதத் தவணையை மட்டும் பெரிதாக எழுதி மொத்தத்தை மறைப்பது ஏமாற்று. நம்மவர்கள் தவணை வியாபாரம் செய்தாலும் இது பொருந்தும்.

6. வெள்ளிக்கிழமை நமக்கு ஜும்ஆ. இந்துச் சகோதரர்களில் அநேகருக்குச் சைவச் சாப்பாட்டு நாள். தொழுகை நேரத்துக்கு இடைவேளையும், சைவத்துக்குத் தனி அடுப்பும் இருக்கட்டும். சின்ன விஷயம் போலத் தெரியும். யாரையெல்லாம் எதிர்பார்த்து இந்தச் சந்தை கூட்டப்பட்டது என்பதை அது சொல்லிவிடும்.

ஸ்டோல் எடுப்பவர் செய்ய வேண்டியதும் உண்டு. ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். வந்த வியாபாரியின் பெயர், தொலைபேசி, என்ன கேட்டார், என்ன குறை சொன்னார் என்று அன்றிரவே எழுதுங்கள். சந்தை முடிந்து ஒரு வாரத்துக்குள் ஒவ்வொருவரையும் கூப்பிடுங்கள். ஓடர் என்றால் எடை, விலை, தரம், ஈரம், திகதி, திரும்பி வந்தால் யார் பொறுப்பு எல்லாவற்றையும் எழுதுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி நமக்கு மார்க்கம் கற்றுத் தந்திருக்கிறது. 60 கிலோ கச்சானைக் கொட்டிய பிறகுதான் எனக்கு அதன் அருமை விளங்கியது.

கடைசியாக அந்தத் தம்பிக்குச் சொன்னேன்: "ஸ்டோல் எடுங்க. ஆனா சட்டியால முழு மேசையையும் நிரப்பாதீங்க. பாதி மேசையை உங்கட ஊரில சாமான் செய்யிற ரெண்டு மூண்டு பேருக்குக் குடுங்க. அவங்களிட்ட ஓடர் வந்தா அடுத்த வருஷம் உங்களிட்டச் சட்டி வாங்கிறதும் அவங்கதான்."

அவர் யோசித்துவிட்டு, தருமபுரத்தில் தயிர்ச் சட்டி வனைபவர் ஒருவரைத் தெரியும் என்றார். "அவரைக் கேட்டுப் பாக்கிறன் நானா" என்று சொல்லிவிட்டு எழும்பினார்.

எனது கடையில் அந்தப் பழைய பில் புத்தகம் இன்னும் இருக்கிறது. 1990இல் வாப்பாவின் கொப்பியை விட்டுவிட்டு வந்தோம். இதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.